நாயோடு வாடகை வீடு தேடுவது எப்படி?

நாய் வைத்திருப்பவர் வாடகை வீடு தேடினால், முதல் சில போன்களிலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். வாடகை ஒத்து வரும், இடம் பிடித்திருக்கும், ஓனரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். நாய் என்ற பேச்சு வந்ததும் குரல் மாறிவிடும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் பலர் சோர்ந்துபோய், நாயைப் பற்றி வாயே திறக்காமல் வீடு பிடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். இன்னும் சிலர் நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். வீடு கிடைக்கும். கொஞ்சம் முன்கூட்டியே தொடங்க வேண்டும், கொஞ்சம் தயாராகப் போக வேண்டும்.

ஓனர்கள் பயப்படுவது பெரும்பாலும் நான்கு விஷயங்களுக்கு: வீட்டில் நாற்றம் தங்கிவிடுமோ, கதவையும் தரையையும் கீறிவிடுமோ, குரைத்து அக்கம்பக்கத்தாரிடம் பேச்சு வாங்க வைக்குமோ, யாரையாவது கடித்துவிடுமோ. "நாய்க்கு அனுமதி இல்லை" என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கும். பழைய குடித்தனக்காரர் ஒருவர் அப்படி விட்டுப்போன அனுபவமும் இருக்கலாம். இந்த நான்குக்கும், கேட்பதற்கு முன்பே பதிலைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் வீடு அமைகிறது. கீழே இருக்கும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வீடு, அப்புறம் நாய். இப்போது இருக்கும் வீட்டில் ஓனர் சம்மதித்து எழுதிக் கொடுத்த பிறகு நாயைக் கொண்டுவாருங்கள். காப்பகங்களுக்கு நாய்கள் திரும்பி வருவதற்கு வீடு மாறுவதும், ஓனர் ஒப்புக்கொள்ளாததும் முக்கியமான காரணங்கள்.

1. தேடலை உங்கள் நாயிடமிருந்து தொடங்குங்கள்

வீடு தேட இறங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. உங்கள் நாய் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? "எங்கள் நாய் குரைக்கவே குரைக்காது" என்று சொல்பவர்களில் பலர் நாயோடு இருக்கும் நேரத்தை மட்டும் பார்த்தவர்கள். ஒரு பழைய போனில் வீடியோவை ஓடவிட்டு, வழக்கம்போல் சாவியை எடுத்து, செருப்பைப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வாருங்கள். பிரிவு தாங்காத நாய் பெரும்பாலும் நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள் அதைக் காட்டிவிடும். கதவருகே நடை, மூச்சிரைப்பு, முனகல், அப்புறம் ஊளை, கதவின் அடிப்பகுதியில் கீறல். தனி வீட்டில் இது யாருக்கும் தெரியாமல் போகலாம். அடுக்குமாடியில் ஒரே வாரத்தில் புகார் வந்துவிடும்.

வீடியோவில் அப்படித் தெரிந்தால் பயிற்சியைத் தொடங்குங்கள். சாவியை எடுத்துவிட்டுப் போகாமல் உட்காருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். அரை நிமிடம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். நாய் பதறத் தொடங்குவதற்கு முன்பே திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். நேரத்தை நிமிடம் நிமிடமாக நீட்டிக்கொண்டே போகலாம். சில நாய்களுக்கு வாரங்கள் ஆகும், சிலவற்றுக்கு மாதங்கள். கடுமையாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் தேறிவிடுகிற நாய்கள் நிறைய. ஷாக் கொடுக்கும் பட்டையைக் கழுத்தில் மாட்டுவது மட்டும் வேண்டாம். பயந்து குரைக்கும் நாயை அது இன்னும் பயமுறுத்தும்.

குட்டி நாய் என்றால் வேறு கணக்கு. எத்தனை மாதக் குட்டியோ, தோராயமாக அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்க முடியும். மூன்று மாதக் குட்டியை எட்டு மணி நேரம் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனால் தரை நனையத்தான் செய்யும். குட்டியோடு வீடு மாறுவதாக இருந்தால், பகலில் யார் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ஓனர் கண்டிப்பாகக் கேட்பார்.

சின்ன நாய் என்றால் ஃபிளாட்டுக்குச் சரி, பெரிய நாய் என்றால் சரிப்படாது என்று ஓனர்களும் நினைக்கிறார்கள், நாய் வளர்ப்பவர்களும் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கிரேஹவுண்ட் உயரமான நாய், ஆனால் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழித்துவிடும். பீகிள் சின்னதுதான், ஆனால் வேட்டையில் குரல் கொடுப்பதற்காகவே வளர்க்கப்பட்ட இனம், அது ஊளையிட்டால் மாடி முழுக்கக் கேட்கும். பசென்ஜி வழக்கமான முறையில் குரைக்காது, பதிலுக்கு இழுத்துப் பாடுவது மாதிரி ஒரு சத்தம் போடும். நாட்டு நாய்களும் கலப்பின நாய்களும் ஒவ்வொன்றும் ஒரு விதம். உயரத்தையும் எடையையும் விட்டுவிட்டு, உங்கள் நாயின் சுபாவத்தை நாலு வரியில் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. நாய்க்கென்று ஒரு ஃபைல்

ஓனர் முன்னால் வைக்கும்போது அவருடைய முகத்தை மாற்றக்கூடியது இந்த ஃபைல்தான். உள்ளே இருக்க வேண்டியவை:

- தடுப்பூசி அட்டை. வெறிநாய்க்கடி ஊசியின் தேதியும் அடுத்த ஊசிக்கான தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டும். சில ஊசிகள் ஒரு வருடத்துக்கும் சில மூன்று வருடத்துக்கும் செல்லும். காலாவதியாகி இருந்தால் போட்டுவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.
- உங்கள் ஊரில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும் என்றால் அதன் நகல்.
- மைக்ரோசிப் இருந்தால் அதன் எண். சர்வதேசத் தரத்தில் உள்ள சிப்களுக்கு 15 இலக்கம்.
- கருத்தடை செய்திருந்தால் அதற்கான சான்று.
- பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தால் அந்தச் சான்றிதழ்.
- முந்தைய ஓனரிடமிருந்தோ பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்தோ ஒரு கடிதம்.

கடைசியில் சொன்ன கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். மருத்துவர் கொடுக்கும் சான்று நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லும். "இரண்டு வருடம் எங்கள் வீட்டில் இருந்தார்கள், நாயால் எந்தத் தொந்தரவும் இல்லை, காலி செய்தபோது வீடு சுத்தமாக இருந்தது" என்று இன்னொரு ஓனர் எழுதிய மூன்று வரி, இந்த ஓனரின் நான்கு பயங்களில் மூன்றுக்குப் பதில் சொல்லிவிடும்.

இவற்றோடு ஒரு பக்கத்தில் நாயைப் பற்றிய குறிப்பும் சேருங்கள். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பெயர் மணி. நாலு வயது ஆண் நாய், கலப்பினம், 16 கிலோ. கருத்தடை செய்தாகிவிட்டது. எல்லா ஊசியும் போட்டிருக்கிறோம். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடக்கப் போவான். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடுவதில்லை. அழைப்பு மணி அடித்தால் இரண்டு முறை குரைப்பான், சொன்னால் நிறுத்திவிடுவான். குழந்தைகளோடு பழக்கம் உண்டு. பட்டாசுச் சத்தம் கேட்டால் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். நகத்தை மாதம் ஒருமுறை வெட்டுகிறோம்."

அழைப்பு மணிக்குக் குரைப்பான் என்று ஏன் எழுத வேண்டும்? எந்த நாயும் குரைக்கும் என்று ஓனருக்கும் தெரியும். குறையே இல்லாத நாய் என்று எழுதினால் நம்பமாட்டார். சின்னக் குறையை நீங்களே சொல்லிவிட்டால் மற்ற வரிகளையும் நம்புவார். ஒரு நல்ல படமும் வையுங்கள். பல் தெரியாமல், பட்டையும் கயிறுமாக அமைதியாக உட்கார்ந்திருக்கும் படம்.

3. எங்கே தேடுவது

வாடகைத் தளங்களில் செல்லப்பிராணிக்கு அனுமதி உள்ள வீடுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதில் தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். நாயைப் பற்றி எதுவுமே சொல்லாத விளம்பரங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பேசிப் பார்க்க இடமும் அங்கேதான் இருக்கிறது. "அனுமதி இல்லை" என்று எழுதியவர்களில்கூட, வீடு வெகுநாள் காலியாகக் கிடந்தால் மனம் மாறுபவர்கள் உண்டு. ஒரே விளம்பரம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

நாய் வளர்ப்பவர்களைக் கேட்பது இன்னும் நல்ல வழி. நீங்கள் குடிபோக நினைக்கும் பகுதிக்குக் காலை ஆறு ஆறரை மணிக்குப் போய் ஒரு சுற்று நடந்து பாருங்கள். யார் யார் எந்தக் கட்டடத்திலிருந்து நாயோடு இறங்கி வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த ஓனர் நல்லவர், எந்தக் கட்டடத்தில் தகராறு என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் கிடைக்கும். நாய் வளர்ப்பவர்கள் இந்த உதவிக்குத் தயங்கவே மாட்டார்கள். அந்தப் பகுதியில் உள்ள கால்நடை மருத்துவமனை, பயிற்சியாளர், நாய்க்கு முடி வெட்டும் இடம் ஆகியவற்றிலும் சொல்லி வையுங்கள்.

புரோக்கர் வழியாகத் தேடினால் அவரிடம் முதல் நாளே நாயைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டைக் காட்டி, அலைய வைத்து, கடைசியில் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார். அந்த வார்த்தைக்கு எந்த மதிப்பும் கிடையாது.

தனி ஓனரா, பல வீடுகளை வாடகைக்கு விடும் நிறுவனமா என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. நிறுவனத்தில் எத்தனை நாய், எத்தனை கிலோ வரை, எந்த இனங்கள் கூடாது என்று அச்சடித்த விதி இருக்கும். ஒத்துவந்தால் உடனே முடியும், வராவிட்டால் பேசிப் பயனில்லை. தனி ஓனரிடம் விதி கிடையாது. மனிதரைப் பார்த்து முடிவு செய்வார். பெரிய நாய் வைத்திருப்பவர்கள், இரண்டு நாய் வைத்திருப்பவர்கள் தனி ஓனர்களிடம் முயல்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

4. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது

முதல் போனிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் யார், என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், எப்போது குடிவர வேண்டும் என்பதைச் சொன்ன பிறகு, அதே குரலில்:

"சார், இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். எங்ககிட்ட ஒரு நாய் இருக்கு, நாலு வயசு. ஊசி எல்லாம் போட்டிருக்கு. முன்னாடி இருந்த வீட்டு ஓனர் அதைப் பத்தி எழுதிக் கொடுத்த லெட்டரும் இருக்கு. நீங்க ஒருமுறை நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

இவ்வளவுதான். கெஞ்ச வேண்டாம், நாய் என்றால் உங்களுக்கு எவ்வளவு உயிர் என்று விளக்கவும் வேண்டாம். மறுத்தால் காரணத்தை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். "போன தடவை இருந்தவங்க கதவையே கெடுத்துட்டாங்க" என்று சொன்னால் அவர் கதவைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம். கூடுதல் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லலாம். குடிவந்த மூன்றாம் மாதம் அவரே வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாம். காலி செய்யும்போது உங்கள் செலவில் வீட்டை ஆழமாகச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லலாம். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை என்றாலோ, நாய் என்றாலே பயம் என்றாலோ விட்டுவிடுங்கள். அங்கே வற்புறுத்துவது நியாயமில்லை.

நேரில் பார்க்கலாம் என்று சொன்னால், நாயை ஒரு நீண்ட நடைக்குக் கூட்டிப்போய்க் களைக்க வைத்துவிட்டு அப்புறம் அழைத்துப் போங்கள். கயிறு குட்டையாக இருக்கட்டும். ஓனராக வந்து தொடும்வரை நாயை அவர் மேல் விடாதீர்கள். நாய் உங்கள் காலடியில் பத்து நிமிடம் படுத்திருந்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

மறைத்துக் குடிபோவது மட்டும் கூடவே கூடாது. நாயை மறைக்க முடியாது. லிஃப்டில் யாராவது பார்ப்பார்கள், பால்கனியில் ஒருநாள் குரைக்கும். அன்றைக்கு ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான் என்று ஆகிவிடும். காலி செய்யச் சொன்னால் எதிர்த்துப் பேச வழி இருக்காது, அட்வான்ஸும் சிக்கலாகும். நாய்க்கும் அது நரகம்தான்: சத்தம் வரக்கூடாது என்று அதட்டிக்கொண்டே இருப்பீர்கள், ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகுதான் வெளியே கூட்டிப்போவீர்கள்.

பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அப்படிப்பட்ட நாய் உங்களிடம் இருந்தால் அந்த உரிமையைத் தயங்காமல் கேளுங்கள். சாதாரண வளர்ப்பு நாய்க்குப் பொய்ச் சான்று வாங்கி அந்த வழியில் நுழையாதீர்கள். உண்மையிலேயே அந்த நாயை நம்பி வாழ்பவர்களை அடுத்த ஓனர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

5. ஓனர் ஒருவர், சங்கம் இன்னொன்று

அடுக்குமாடியில் இரண்டு இடத்தில் சம்மதம் வேண்டும் என்பதைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. ஓனர் சரி என்று சொல்லி, சாமான் ஏற்றி இறக்கிய பிறகு, குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஆள் வந்து நிற்பார். அதனால் கட்டடத்தின் விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். எந்த லிஃப்டைப் பயன்படுத்தலாம், கயிறு கட்டாயமா, வாய்மூடி கட்டாயமா, கட்டட வளாகத்துக்குள் கழிக்க இடம் உண்டா, எண்ணிக்கைக்கோ எடைக்கோ வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடியிருக்கும் வீட்டில் வளர்ப்புப் பிராணியே கூடாது என்ற ஒப்பந்த வரி செல்லாது. ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்ட சில நாய்களுக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனியில் நாய், பூனைகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் அச்சடித்த ஒப்பந்த வரி செல்லாது என்று 2013-இல் உச்ச நிலை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நாயையும் அதன் சூழ்நிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2020 மார்ச் முதல், மறுக்க விரும்பும் ஓனர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் வாடகை ஒப்பந்தத்தில் பிராணி கூடாது என்று எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை. ஆனால் கட்டடத்தின் சொந்த விதி தடுத்தால் அது தனிப் பிரச்சினை. இந்தியாவில் பெரும்பான்மை வாக்கெடுத்துக்கூடச் சங்கங்கள் நாய்களைத் தடைசெய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி வீடுகளில் நிலைமை நேர் எதிர்: பொதுவாக, அங்கீகரிக்கப்பட்ட சிறிய இனங்களில் ஒரே ஒரு நாய்க்குத்தான் இடம்.

உங்கள் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டே போங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே சட்டத்தை எடுத்து வீசாதீர்கள். பல வருடம் ஒருவர் வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள், சண்டையில் தொடங்க வேண்டியதில்லை. சம்மதித்த பிறகு யாராவது வம்பு செய்தால், அப்போது அந்தச் சட்டம் உதவும்.

6. வீட்டை நாயின் கண்ணால் பாருங்கள்

சமையலறை, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இங்கே நாய்க்காகப் பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் நின்று கடிகாரத்தைப் பாருங்கள். அங்கிருந்து லிஃப்டுக்குக் காத்திருந்து, இறங்கி, வாயிலைக் கடந்து, நாய் காலைத் தூக்கக்கூடிய முதல் இடத்துக்கு நடந்து போங்கள். எத்தனை நிமிடம் ஆனது? மழை நாளிலும், உங்களுக்குக் காய்ச்சல் வந்த நாளிலும், நாய்க்கு வயிறு கெட்ட நள்ளிரவிலும் இதே தூரத்தைத்தான் நடக்கப் போகிறீர்கள். ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் குட்டிக்கும் வயதான நாய்க்கும் அந்த வீடு கஷ்டம். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பாருங்கள். உங்கள் நாயின் தலை நுழையும் இடைவெளி என்றால் உடம்பும் நுழைந்துவிடலாம். வலை அடிக்க ஓனர் சம்மதிப்பாரா என்று அங்கேயே கேளுங்கள். தரை வழவழப்பான டைல் என்றால் வயதான நாய் வழுக்கும், பாய் விரிக்க வேண்டியிருக்கும். மரத்தரை என்றால் நகக்கீறல் நிச்சயம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, டாக்ஸ்ஹண்ட் போன்ற நீண்ட முதுகு நாய்களுக்கு ஆகாது. அவற்றுக்கு முதுகுத்தண்டுத் தட்டு விலகும் ஆபத்து மற்ற இனங்களைவிட அதிகம். பக், புல்டாக் போன்ற மூக்கு சப்பையான நாய்கள் வெப்பத்தைத் தாங்காது, மேற்கு வெயில் நேரடியாக விழும் மொட்டை மாடி வீட்டை அவற்றுக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

வளாகத்தில் என்ன செடி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அரளி எல்லா பாகமும் விஷம். அலங்காரத்துக்கு வைக்கும் சைக்காஸ் பனையும் அப்படித்தான், அதன் விதைகளைத் தின்ற நாய்க்குக் கல்லீரல் செயலிழந்துபோகலாம். எலி விஷம் எங்கெங்கே வைக்கிறார்கள், பூச்சி மருந்து எப்போது அடிக்கிறார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டால் சொல்லிவிடுவார். காலி வீட்டிலும் அலமாரிக்குப் பின்னால், சிங்குக்கு அடியில் பழைய எலி மருந்து கிடக்கும். குடிவரும் நாளில், நாயை உள்ளே விடுவதற்கு முன், டார்ச் அடித்துத் தேடி எடுத்துவிடுங்கள்.

மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் அமைதியாக இருந்த நடைபாதை மாலையில் குழந்தைகள் ஓடி விளையாடும் இடமாக இருக்கலாம். எதிர்வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறதா? இரண்டும் கதவிடுக்கு வழியாகவே நாள் முழுக்கச் சண்டை போடும் என்றால் வேறு வீடு பார்ப்பது உத்தமம்.

7. எழுத்தில் இல்லாத சம்மதம் சம்மதம் அல்ல

ஓனர் தங்கமானவராக இருக்கலாம். ஆனால் வீட்டை விற்றுவிடலாம், வெளிநாடு போய்விடலாம், மகனிடம் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். புதிதாக வருபவர் அக்ரிமென்டைத்தான் பார்ப்பார். அதனால் நாய்க்கென்று ஒரு பத்தி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், அல்லது இணைப்பாகத் தனித்தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அதில் நாயின் பெயர், வயது, இனம் இருக்கட்டும். கூடவே, இந்த நாய் இறந்துவிட்டால் இன்னொரு நாய் வளர்க்கலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். கேட்கவே மனம் வராத கேள்விதான். ஆனால் பெயர் குறிப்பிட்டு எழுதிய அனுமதி அந்த ஒரு நாய்க்கு மட்டும்தான் என்று பின்னால் வாதிடலாம்.

பணத்தில் மூன்று வகை உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். திரும்ப வரும் கூடுதல் அட்வான்ஸ் ஒன்று. ஒருமுறை கட்டினால் திரும்பி வராத கட்டணம் இன்னொன்று. மாதாமாதம் வாடகையோடு சேரும் நாய் வாடகை மூன்றாவது. "நாய்க்கு இவ்வளவு ஆகும்" என்று ஒரு தொகையைச் சொன்னால் இது எந்த வகை என்று கேட்டு, அந்த வார்த்தையையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மாதக் கட்டணம் சின்னதாகத் தெரிந்தாலும் மூன்று வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், அட்வான்ஸே மேல் என்று தோன்றும். சில நாடுகளில் இவற்றுக்கு உச்ச வரம்பு உண்டு, சிலவற்றில் தனியாக வாங்கவே கூடாது.

புகார் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். முதல் புகாரிலேயே வெளியேற்றலாம் என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் அறிவிப்பு, சரிசெய்ய ஒரு மாத அவகாசம், அப்புறமும் தொடர்ந்தால் பேச்சு என்று இருந்தால் இருவருக்கும் நல்லது. நீங்கள் இல்லாதபோது பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ வீட்டுக்குள் வரக்கூடாது, முன்பே சொல்லிவிட்டு வர வேண்டும் என்ற வரியும் அவசியம். அந்நியர் உள்ளே நுழைந்து நாய் கடித்தால் பழி நாய் மேல் விழும். நாயால் மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் காப்பீடு உங்கள் நாட்டில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். அதன் நகலை ஓனரிடம் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி.

சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்குவதற்கு முன், ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். கதவுகளின் அடிப்பகுதி, ஜன்னல் விளிம்பு, தரையின் மூலைகள், கொசுவலை. நாய் கீறும் இடங்கள் இவைதான், பழைய கீறல்களும் இங்கேதான் இருக்கும். அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிட்டால் தேதியோடு பதிவாகிவிடும்.

8. குடிபோன முதல் வாரங்கள்

நாயின் படுக்கையைத் துவைக்காமல் கொண்டுபோங்கள். பழைய வாசனை அதற்குத் தைரியம் கொடுக்கும். முதல் சில நாட்கள் ஒரு அறையை மட்டும் திறந்துவிட்டு, மற்றதைப் பிறகு காட்டுங்கள். முடிந்தால் லீவு போட்டுக் கூடவே இருங்கள். குடிவந்த மறுநாளே எட்டு மணி நேரம் தனியாக விட்டுவிட்டுப் போனால், முன்பு பயிற்சி பெற்ற நாய்கூட ஊளையிடும்.

வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். புது இடத்தில் தப்பி ஓடிய நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது, பழைய வீட்டை நோக்கி ஓடும் நாய்களும் உண்டு. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் எண் இருக்க வேண்டும். மைக்ரோசிப் பதிவில் முகவரியை மாற்றுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதை அந்த வாரமே செய்யுங்கள்.

தரையில் சிறுநீர் கழித்துவிட்டால் வெறும் தண்ணீரும் பினாயிலும் போதாது. சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் எளிதில் கரையாது. நமக்கு வாசனை போனாலும் நாய்க்குத் தெரியும், அதே இடத்துக்குத் திரும்ப வரும். என்ஸைம் கலந்த கிளீனர் என்று கேட்டு வாங்கி, ஊற்றி, ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், அதன் நெடியே சிறுநீர் மாதிரி இருக்கும்.

அக்கம்பக்கத்தாரிடம் நீங்களாகவே முதல் வாரத்தில் போய்ப் பேசுங்கள். பக்கத்து வீடு, எதிர்வீடு, கீழ்வீடு. நாயைக் கூட்டிப்போக வேண்டாம், அவர்களுக்குப் பயமா இல்லையா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. "நாங்க இல்லாதப்ப நாய் சத்தம் போட்டா இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எண் கையில் இருப்பவர் உங்களுக்குச் சொல்வார், இல்லாதவர் சங்கத்துக்குப் போவார். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த முறைக்கு நில்லுங்கள். கழிவை எடுக்கப் பை இல்லாமல் படி இறங்காதீர்கள். ஒருவர் எடுக்காமல் விட்டால் அந்தக் கட்டடத்தில் உள்ள எல்லா நாய்களுக்கும் கெட்ட பெயர்.

ஒரு வருடம் முடிந்ததும், வாடகையைப் புதுப்பிக்கும்போதே, ஓனரிடம் நாயைப் பற்றிய கடிதத்தைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துவிடுங்கள். காலி செய்யும் நாளில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள், அட்வான்ஸ் கணக்கில் மனத்தாங்கல்கூட வரலாம். நடுவில் கேட்டால் மனம் நிறைந்து எழுதிக் கொடுப்பார்.